மூன்றாம் வருஷத்து வண்டி நோட்டு

ஜூன் 3

தங்கைக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பதாகச் சோப்புத்தூள்காரர் சொன்னார். முழங்கால் இரண்டும் படியேறும்போது கத்துகின்றன, மற்றபடி எனக்கு ஒன்றுமில்லை. உனக்கு எப்படி என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

பத்தொன்பது வருஷம் கழித்துக் கடிதமா என்று யோசிப்பாய். உன் குரல் இனி என் காதில் விழக்கூடாது என்று அன்றைக்கு உன் வாசலில் நின்று சொன்னேன். சொன்ன சொல் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் போன் செய்யவில்லை. காகிதத்துக்குக் குரல் கிடையாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். உன்னைப் படிக்க வைக்கத்தான் என்னை நிறுத்தினார்கள் என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் சிரிக்காமல் படி.

விஷயத்துக்கு வருகிறேன். மகளும் மருமகனும் லாண்டரி நடத்துகிறார்கள். ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு லாட்ஜ். படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் எங்களிடம்தான் வருகின்றன. ஏப்ரலில் எங்கள் வேனின் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. மேலே புதுப் பெயின்ட், கீழே துரு. விற்றவன் கடையை மூடிக்கொண்டு போய்விட்டான். இப்போது வாடகை வேனில் துணி போகிறது. பாதி வருமானம் வாடகைக்காரனுக்கு.

எங்களுக்குச் சோப்புத்தூள் போடுகிறவர் உங்கள் ஊருக்கும் போகிறவர். போன வாரம் வந்து, "ஒரு வெள்ளை பிக்கப் பாத்தேன்க்கா. இருபத்திரண்டு வருஷத்து வண்டி. நேத்து ஷோரூம்லேர்ந்து எடுத்த மாதிரி இருக்கு. சீட்டுக்கு ஒரு உறை, அந்த உறைக்கு மேல இன்னொரு உறை! விற்பனைக்குன்னு அட்டை தொங்குது" என்றார்.

"பின்கதவுல இடது மூலையில ஒரு நசுங்கல் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அது ஒண்ணுதான் வண்டியில குறை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் பீரோ பட்ட இடம் அது" என்றேன்.

உன் வீட்டுக்காரர் வண்டியைக் குழந்தை மாதிரி துடைப்பவர். அவர் மீது எனக்கு ஆயிரம் இருந்தாலும் அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். இன்னொரு முறை ஏமாற எங்களுக்குத் தெம்பு கிடையாது. என்ன விலை என்று ஒரு வரி எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னோடு பிறந்தவள்


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கவரின் மேல் இருந்தது யாரோ சின்னப் பெண்ணின் கையெழுத்து. உன் பேத்தியா? உள்ளே உன் எழுத்தைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். 'ழ'வுக்கு நீ போடும் அந்தப் பெரிய வால் மாறவே இல்லை. நான் சிரிக்கவில்லை, அக்கா. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம்.

ஒரு வரிதான் கேட்டாய். இரண்டேகால் லட்சம் என்று அட்டையில் எழுதியிருக்கிறோம். கேட்டு வருபவர்களுக்கு அதுதான் விலை. அவர் இனி ஓட்டப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். வயதாகிறது அல்லவா.

உனக்கு என்ன விலை என்பதை நீயே சொல். நீ சொல்லும்வரை அட்டையைக் கழற்றி உள்ளே வைக்கிறேன்.

என்றும் உன்
தங்கை


ஜூன் 21

தங்கைக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஒத்தடம் கொடுக்க நேரமில்லை. நீங்கள் நன்றாக இருப்பது பற்றிச் சந்தோஷம் என்று எழுதச் சொல்கிறாள் மகள்.

இரண்டேகாலில் இருந்து கழித்துக்கொண்டே வருகிறேன், கவனி. சோப்புத்தூள்காரர் என் பேச்சைக் கேட்டு மறுபடி வந்து, குனிந்து, படுத்து, டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். உனக்குத் தெரிந்திருக்கும். முன் டயர் இரண்டும் வழுக்கை. இருபது கழி. தார்ப்பாய் கட்டும் கம்பி ஒன்று இல்லை. ஐந்து கழி. இருபத்திரண்டு வருஷத்து வண்டிக்கு உதிரி சாமான் தேடி அலைய வேண்டும், அந்த அலைச்சலுக்கு இருபது. மிச்சம் ஒன்று எண்பது. நியாயமான விலை அதுதான். கடைக்காரன் கேட்டாலும் அதைத்தான் சொல்வான்.

அதிலிருந்து இன்னும் அறுபது கழிக்கிறேன். எதற்கு என்று கேட்பாய்.

அந்த வருஷம் ஆகஸ்ட் பதினேழு. வியாழக்கிழமை. காலை பத்தே முக்கால். என் வீட்டுக்காரர் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் நுரை இருந்தது. கண்ணாடியைப் பிடித்தபடியே உட்கார்ந்தார், "மூச்சு வரலைடி" என்றார். எதிர்வீட்டுத் தையற்காரரை உன் வீட்டுக்கு ஓடச் சொன்னேன். எட்டுத் தெரு. சைக்கிளில் ஏழு நிமிஷம். வண்டி உன் வீட்டு ஷெட்டில் நின்றதைத் தையற்காரர் கண்ணால் பார்த்தார். நீ பச்சைச் சேலை கட்டி, கையில் கரண்டியோடு வெளியே வந்தாயாம். "வண்டி கிளம்பாது, பேட்டரி இறங்கிடுச்சு" என்றாயாம். கதவைச் சாத்திக்கொண்டாயாம்.

ஆட்டோ கிடைக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி, நாற்பத்திரண்டு பெட்டி. எண்ணினேன். முப்பதாவது பெட்டி போகும்போது அவர் தலை என் தோளில் கனத்தது. கன்னத்தில் அந்த நுரை காய்ந்திருந்தது.

எனக்கு எதுவும் மறக்காது என்று ஊரே சொல்லும். மறக்காததற்குத்தான் அந்த அறுபது. என் ஆளை ஏற்றாத வண்டிக்கு முழு விலை கொடுக்க மாட்டேன்.

ஒன்று இருபது. இஷ்டமிருந்தால் எழுது.

உன்னோடு பிறந்தவள்


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

ஒன்று இருபதுக்குச் சம்மதம். எப்போது வேண்டுமானாலும் யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்.

தங்கை


ஜூலை 14

தங்கைக்கு,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை, கோபத்தில் எழுதுகிறேன்.

நான் சொன்ன விலைக்கு ஒருத்தர் உடனே தலையாட்டினால் எனக்குச் சந்தேகம் வரும். இது புதுப் பழக்கமில்லை, நீ சின்ன வயதில் என்னோடு கடைக்கு வந்தவள், உனக்குத் தெரியும். நான் ஒன்று இருபது சொன்னால் நீ என்ன செய்திருக்க வேண்டும்? "அக்கா, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஒன்று அறுபதில் நாம் சண்டை போட்டிருக்க வேண்டும். ஒரே வரியில் சம்மதம் என்று எழுதினால் என்ன அர்த்தம்? இன்ஜினில் ஏதோ இருக்கிறது. அல்லது உன் நெஞ்சில் ஏதோ இருக்கிறது.

"எடுத்துடலாம்மா, நல்ல விலை" என்று மகள் குதிக்கிறாள். போன வேனுக்கும் அவள் இப்படித்தான் குதித்தாள்.

உன் வீட்டுக்காரரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி வெளியே போனாலும் போகாவிட்டாலும் தினமும் நோட்டில் எழுதுவார். தேதி, கிலோமீட்டர், ஆயில், காற்று, பேட்டரி, எங்கே போனது, எதற்கு, கூலி எவ்வளவு. வருஷத்துக்கு ஒரு நோட்டு. நாங்கள் அதை வைத்து அவரைக் கேலி செய்வோம். "பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னா இந்த மனுஷன் எழுதி வைப்பாரா?" என்று நான் கேட்டதற்கு என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த நோட்டுகள் எல்லாம் எனக்கு வேண்டும். இருபத்திரண்டும். வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அதில் தெரியும். பார்த்துவிட்டு விலை சொல்கிறேன். அதுவரை நான் சொன்ன ஒன்று இருபதும் இல்லை, நீ சொன்ன சம்மதமும் இல்லை.

உன்னோடு பிறந்தவள்


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் உடம்புக்கு ஆகாது. நேரத்துக்குச் சாப்பிடு.

நோட்டுகளைத் துணியில் கட்டி அனுப்பியிருக்கிறேன். நான் கேட்டதும் அவரே எல்லாவற்றையும் எடுத்து அடுக்கி, தடவித் தடவிப் பார்த்துக்கொடுத்தார். இருபத்தொன்று இருக்கின்றன. ஒன்று வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் பாதகமில்லை என்று நினைக்கிறேன். பழைய நோட்டுதானே.

அட்டையை இன்னும் வெளியே மாட்டவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 12

தங்கைக்கு,

மூட்டை வந்தது. உடம்பு பரவாயில்லை. சாப்பிடுகிறேன்.

இஸ்திரி மேஜையில் பரப்பி எண்ணினேன். முதல் வருஷம் இருக்கிறது. இரண்டாம் வருஷம் இருக்கிறது. நாலாம் வருஷம் இருக்கிறது. மூன்றாம் வருஷம் இல்லை. இருபத்திரண்டில் ஒன்று தொலைந்தால் அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாமே, எப்படி என் வீட்டுக்காரர் செத்த வருஷமாகப் பார்த்துத் தொலைந்தது? நீ படித்தவள். பொய் சொல்ல மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

இருக்கும் நோட்டுகளைப் படித்தேன். வண்டி நல்ல வண்டி. ஒருநாள்கூட ஆயில் தள்ளிப்போகவில்லை. கிளட்ச் இரண்டு முறை மாற்றியிருக்கிறார். எனக்குத் தெரிந்த எந்த மனுஷனுக்கும் இவ்வளவு கவனிப்புக் கிடைத்ததில்லை. ஆனால் கடைசி நோட்டில் எழுத்து கோட்டிலிருந்து கீழே இறங்குகிறது. ஜனவரியில் கொஞ்சம். மார்ச்சில் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிக் கிடக்கிறது. மே மாதத்தோடு எழுத்தே இல்லை. வயதாகிவிட்டது என்று எழுதினாய். கை நடுங்கினால் எழுத்துதான் நடுங்கும், வரி தப்பாது. கண்ணா?

அது உன் கதை, கேட்டதற்கு மன்னித்துக்கொள். என் கதை இதுதான். ஆஸ்பத்திரியில் துணிக்குப் பொறுப்பான அம்மாள், "அக்டோபர் பத்துக்குள்ள சொந்த வண்டியோட வாங்க, இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டாள். அதற்காக நான் அவசரப்படுவேன் என்று நினைக்காதே.

மூன்றாம் வருஷத்து நோட்டு வராமல் விலைப் பேச்சு இல்லை. அன்றைக்குப் பேட்டரி இறங்கியிருந்ததா இல்லையா என்று உன் வீட்டுக்காரர் எழுதியிருப்பார். அவர் பொய் எழுத மாட்டார். இறங்கியிருந்தால் அந்த அறுபதைத் திரும்பக் கொடுத்து உன் காலில் விழுகிறேன். இறங்கியிருக்காவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

உன்னோடு பிறந்தவள்


செப்டம்பர் 2

சித்திக்கு வணக்கம்.

நான் உன் அக்கா மகள். என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பதினெட்டு வயது. சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல். இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. தெரிந்தால் என் குரலும் அவள் காதில் விழக்கூடாது என்று சொல்லிவிடுவாள்.

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. அம்மா தினமும் தபால்காரர் சைக்கிளைப் பார்க்கிறாள், பார்க்காத மாதிரி விரிப்பை மடிக்கிறாள்.

சித்தி, எங்கள் நிலைமையை அம்மா உனக்கு எழுதியிருக்க மாட்டாள். வாடகை வேனுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல், ஜூலையில் இவர் ஈர மூட்டைகளை ஸ்கூட்டரில் கட்டி ஓட்ட ஆரம்பித்தார். எட்டாம் நாள் மூட்டையைத் தூக்கியவர் நிமிரவில்லை. முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறதாம். பலகையில் மல்லாந்து படுத்தபடி பில் போடுகிறார். துவைப்பதும் இஸ்திரியும் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். போன வாரம் திறந்த வண்டியில் மழை பிடித்துக்கொண்டது. நாற்பது விரிப்பை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியது. ஆஸ்பத்திரி வேலை போனால் கடன் கொடுத்தவர்கள் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் எங்களிடம் இருப்பது நாலு வாளிதான்.

அம்மா வளையலை விற்றாள். சங்கிலியை விற்றாள். செத்த வேனைப் பழைய இரும்புக்குப் போட்டாள். பிஸ்கட் டின்னில் பணம் இருக்கிறது. வண்டியும் இருக்கிறது. நடுவில் ஒரு நோட்டு நிற்கிறது.

"ஏம்மா இப்படிப் பண்றே? அப்பா திரும்பி வரப் போறாரா?" என்று கேட்டேன்.

"விலை பேசும்போது குறுக்க வராதே" என்றாள்.

ஆனால் சித்தி, அவள் இருபத்தொரு நோட்டையும் மறுபடி மறுபடி படிக்கிறாள். விலைக்காகப் படிப்பவள் மாதிரித் தெரியவில்லை. ஏதோ ஒன்று வந்துவிடுமோ என்று பயந்து படிக்கிறவள் மாதிரி இருக்கிறது.

நோட்டு உண்மையிலேயே தொலைந்துபோனால் தொலைந்தது என்று சத்தியம் பண்ணி எழுது. இருந்தால் அனுப்பிவிடு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உன் மகள் மாதிரி
நான்


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நோட்டு தொலையவில்லை. மூன்றாம் வருஷத்து நோட்டு பத்தொன்பது வருஷமாக என் பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கிறது. அவருக்குக்கூடத் தெரியாது. இத்துடன் வருகிறது.

ஆகஸ்ட் பதினேழாம் பக்கத்தில் குண்டூசி குத்தியிருக்கிறேன். "வண்டி எடுக்கவில்லை. பேட்டரி நன்று" என்று இருக்கும். ஆமாம் அக்கா. பேட்டரி இறங்கவில்லை. அவர் குளித்துக்கொண்டிருந்தார். தையற்காரர் கூப்பிட்டார். நான்தான் வெளியே வந்து பொய் சொன்னேன். அவருக்கு விஷயம் தெரிந்தது நாலு மணிக்கு, உன் வீட்டிலிருந்து ஆள் வந்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகு. அன்றிலிருந்து இரண்டு வருஷம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. உன் முன்னால் மட்டும் என்னை விட்டுக்கொடுக்காமல் நின்றார்.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். அன்றைக்கு எனக்கு உன்மேல் ஏதோ கோபம். என்ன கோபம் என்று இப்போது நினைவில்லை.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் படி, அக்கா. மற்றப் பக்கங்களைப் புரட்ட வேண்டாம். எல்லாம் ஆயில் கறை. கை அழுக்காகும்.

கண்ணா என்று கேட்டிருந்தாய். ஒன்று போய்விட்டது. இன்னொன்றில் பாதி. அறுவை செய்தால் அந்தப் பாதியையாவது காப்பாற்றலாம் என்கிறார்கள். ஒன்று அறுபது ஆகுமாம். இது உன் விலையைக் கூட்டுவதற்காகச் சொல்வதில்லை. நீ கேட்டாய், சொன்னேன்.

நீ என்ன விலை வைத்தாலும் வண்டி உனக்குத்தான். நான் கேட்பது வேறொன்றும் இல்லை. திட்டியாவது ஒரு கடிதம் போடு.

தங்கை


செப்டம்பர் 28

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். பதினாறு நாளாக ஒன்றும் வரவில்லை. நோட்டு கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை.

செங்கல் சூளைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, அட்டை இல்லாமலே விசாரித்து, வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஸ்டார்ட் செய்ததும், "இது வண்டியா, கடிகாரமா?" என்றார். இரண்டு நாற்பது தருகிறாராம். மொத்தமாக, ஒரே தடவையில். என் வீட்டுக்காரருக்கு அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், அக்டோபர் பன்னிரண்டு. ஏழாம் தேதி சாயங்காலத்துக்குள் சூளைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா, இதற்கு மேல் என்னால் பிடித்து வைக்க முடியவில்லை. அவர் தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய்க் கையால் தடவி வண்டியைத் துடைக்கிறார். நசுங்கிய மூலையை ஏன் சரிசெய்யவில்லை என்று சூளைக்காரர் கேட்டதற்கு, "அது எங்க அண்ணி பீரோ. இருக்கட்டும்" என்றார்.

வேண்டும், வேண்டாம் என்று ஒரு சொல் எழுது. ஏழாம் தேதிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தங்கை


அக்டோபர் 6, மகள் கையில் கொடுத்தது

என் தங்கச்சிக்கு,

நீ சௌக்கியமா? அவர் சௌக்கியமா? அவருடைய மிச்சக் கண்ணுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. நான் நன்றாக இல்லை.

நோட்டு செப்டம்பர் பதினாறாம் தேதியே வந்தது. குண்டூசிப் பக்கத்தைப் படித்தேன். பிறகு மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். நீ வேண்டாம் என்று எழுதினால் நான் புரட்டுவேன் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தும் அனுப்பினாய். வேறு வழியில்லாமல் அனுப்பினாய்.

மார்ச் பதினொன்று. "சகலைக்கு மயக்கம் என்று தையற்காரர் வந்தார். வேறு வாடகையை விட்டுவிட்டுப் போனேன். மயக்கம் இல்லை. பீரோ ஏற்றினோம். பின்கதவு நசுங்கியது. கூலி இல்லை."

மே இரண்டு. "சகலைக்கு நெஞ்சு வலி என்று தையற்காரர் வந்தார். சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போனேன். நெஞ்சு வலி இல்லை. துணி வெளுக்க சிமென்ட் தொட்டி ஏற்றினோம். கூலி இல்லை."

இரண்டு முறையும் தையற்காரருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். "சாமான் ஏத்தணும்னா அந்த மனுஷன் நாளைக்கு, மறுநாளைக்குன்னு இழுப்பாரு. உயிர் போகுதுன்னு சொல்லு, ஓடி வருவாரு" என்றேன். மே மாதம் நான் அப்படிச் சொன்னபோது என் வீட்டுக்காரர் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சிரித்தார். "ஒருநாள் நிஜமாவே வந்தா என்னடி பண்ணுவே?" என்று கேட்டார்.

ஆகஸ்டில் தையற்காரர் மூன்றாம் முறை உன் வாசலில் வந்து நின்றார். அதே ஆள். அதே சைக்கிள். அதே சொல். கையில் கரண்டியோடு வந்த நீ என்ன நினைத்திருப்பாய் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்ன கோபம் என்று நினைவில்லை என எழுதியிருக்கிறாய். எனக்கு இந்த இரண்டு நாளும் மறந்துபோயிருக்கும், நோட்டில் பார்த்தால் தாங்க மாட்டேன் என்றுதானே பத்தொன்பது வருஷம் சேலைக்கு அடியில் ஒளித்துவைத்தாய்? நான் போட்ட பழியைச் சுமந்துகொண்டு, ஊர் வாயில் விழுந்து, வீட்டைக் காலி செய்துகொண்டு போனாயே, அப்போதுகூட வாயைத் திறக்கவில்லையே?

எனக்கா மறக்கும்? கன்னத்து நுரை நினைவிருக்கிறவளுக்கு, நாற்பத்திரண்டு பெட்டியை எண்ணினவளுக்கு, தன் வாயால் சொன்ன பொய் மட்டும் மறக்குமா? எல்லாம் நினைவிருந்தது. அந்த ரயில்வே கேட்டிலேயே நினைவு வந்துவிட்டது. அதனால்தான் காரியம் முடிந்த கையோடு நேரே உன் வாசலுக்கு வந்து கத்தினேன். நீ பதில் பேசினால் அதைச் சொல்லிவிடுவாய் என்றுதான் உன் குரலே கேட்கக்கூடாது என்றேன். உன் பேட்டரியைப் பேசிப் பேசியே என் பீரோவை மறைத்தேன். நோட்டைக் கேட்டதும் விலைக்காக இல்லை. உன் வீட்டுக்காரர் அந்த இரண்டையும் எழுதாமல் விட்டிருக்க மாட்டாரா என்ற ஆசைதான்.

பதினாறு நாள் அல்ல, இருபது நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். அதற்குள் உன் கடிதம் வந்தது. தபாலில் போட்டால் ஏழாம் தேதிக்கு வராது. அதனால் மகளிடம் இந்த வருஷத்து நோட்டையும் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்புகிறேன், எங்கள் வேனை ஓட்டிப் பழகியவள் அவள்.

இப்போது விலை. அறுபதைக் கழித்தேனே, அதைத் திரும்பக் கூட்டிக்கொள். அது என் பாக்கி இல்லை, உன் பாக்கியும் இல்லை. நீ சொன்ன பொய் ஒன்று, நான் சொன்னது இரண்டு. அவற்றைக் கூட்டிக் கழிக்க எனக்குப் படிப்பு போதாது. டயருக்கும் அலைச்சலுக்கும் கழித்ததையும் விட்டுவிடு. சூளைக்காரர் சொன்னதுதான் வண்டியின் விலை. இரண்டு நாற்பது. டின்னில் ஒன்று எண்பது இருக்கிறது, மகள் இடுப்பில் கட்டிக்கொண்டு வருகிறாள். அவர் கண்ணுக்கு அது போதும். மீதி அறுபதை மாதாமாதம் தருகிறேன். இல்லை, முடியாது, சூளைக்காரருக்குத்தான் என்று நீ சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர் மொத்தமாகத் தருகிறார். கண்ணுக்கு முன்னால் வண்டி பெரிதில்லை.

ஆனால் தங்கச்சி, மருமகன் பலகையில் கிடக்கிறான். பத்தாம் தேதி வண்டி வாசலில் நிற்காவிட்டால் மெஷின் போகும். மகள் தூங்கி மூன்று நாள் ஆகிறது. அவள் எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதினாள் என்பதும் தெரியும், கவரைக் காணோம் என்றதுமே தெரியும். அவள் எழுதியதெல்லாம் நிஜம்.

இதைக் கொண்டுவந்து உன் வாசலில் நிற்பவள் அவள்தான். அவசரம் என்று மறுபடியும் ஆள் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை வீட்டில் பீரோ இல்லை, தொட்டி இல்லை. நிஜமாகவே உயிர் போகிறது. நம்பு.

உன் அக்கா


வண்டி நோட்டு, இருபத்திரண்டாம் வருஷம். மே மாதத்துக்குப் பிறகு எழுதிய முதல் பக்கம். தங்கையின் கையெழுத்து.

அக்டோபர் 7. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது.
கிலோமீட்டர் 2,38,416.
ஆயில் சரி. காற்று நாலு சக்கரத்துக்கும் பார்த்தாயிற்று.
பேட்டரி நன்று.
போகுமிடம் அக்கா வீடு. ஓட்டுபவர் அக்கா மகள்.
கூலி, அக்கா சொன்ன விலை.
விவரம்: காலை ஆறரைக்கு, அவசரம் என்று ஆள் வந்தது. வண்டி உடனே கிளம்பியது.